நடுவில் நிற்காதீர்கள்!

பொங்கல் விழா முடிந்த மறுநாள் காலை என் கைப்பேசியில் நூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் வந்து குவிந்திருந்தன. நம் சங்கத்து அன்பர்கள் ஆசையோடு அனுப்பியவை. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முகங்கள். சிரித்த முகங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஜனவரிக் குளிரில் விடியுமுன் எழுந்து நம் வீட்டுப் பெண்கள் போட்ட கோலம் ஒரு படத்திலும் முழுதாக இல்லை. பொங்கல் பானை ஒருவருடைய முழங்கைக்குப் பின்னால் பாதி தெரிந்தது. விழா டில்லியில் நடந்ததா, திண்டுக்கல்லில் நடந்ததா என்று படங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்ற ரயில்வே இன்ஜினியருக்குப் புகைப்படத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். மீரட் அருகே சர்தனாவில் 1844ல் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த ஒருவர்தான் பின்னாளில் ஹைதராபாத் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரர் ஆனார். ராஜா தீன் தயாள் என்பது அவர் பெயர். அவருடைய கண்ணாடி நெகடிவ்களின் பெரிய தொகுப்பு நம் டில்லியிலேயே, இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் இருக்கிறது. அவருடைய மேதைமை எனக்குக் கிடையாது; டிப்ளமோ மட்டும் உண்டு. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு. சட்டத்தை நெடுக்கில் இரண்டு கோடும், குறுக்கில் இரண்டு கோடும் போட்டு மூன்று மூன்று பங்காகப் பிரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். முக்கியமான ஆளையோ பொருளையோ நட்டநடுவில் வைக்காமல், அந்தக் கோடுகளில் ஒன்றின் மேலோ, கோடுகள் வெட்டும் இடத்திலோ வையுங்கள் என்கிறது விதி. வானமும் தரையும் சேரும் கோடு படத்தைச் சரிபாதியாக வெட்டாமல், மேல் கோட்டிலோ கீழ்க் கோட்டிலோ அமைய வேண்டும். இது காமிராக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. காமிரா வருவதற்கு முன்பே, 1797ல், ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் கிராமக் காட்சிகளைப் பற்றி எழுதிய நூலில் இதற்குப் பெயர் வைத்து விளக்கியிருக்கிறார்.

எங்கள் படிப்பிலும் மூன்று பங்குக் கணக்கு ஒன்று உண்டு. கல்லால் கட்டிய தாங்கு சுவரில், அதன் எடையும் பின்னாலிருக்கும் மண்ணின் அழுத்தமும் சேர்ந்த மொத்த விசை, அடிப்பாகத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழ வேண்டும். அதைத் தாண்டினால் ஒரு பக்கம் இழுவிசை வந்து இணைப்புகள் வாய் பிளக்கும். ஆகவே ‘நடுவை விடாதே’ என்றே பழகியவன் நான். சுவருக்கு அது சரி. படத்துக்கு அப்படியல்ல என்று எனக்குப் புரிவதற்குப் பல வருஷங்கள் ஆயின. புரிய வைத்தவர் என் தாயார்.

அம்மா திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்தை விட்டு வரவே இல்லை. முழங்கால் வலி, இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார முடியாது என்பார். அவர் டில்லியைப் பார்த்ததெல்லாம் நான் அனுப்பிய படங்களில்தான். 1988ல் ஒரு சின்னக் காமிரா வாங்கி, மனைவியையும் குழந்தையையும் இந்தியா கேட்டுக்கு அழைத்துப் போய், மிக அருகில் நின்று, இருவரையும் நடுவில் நிறுத்தி எடுத்து அனுப்பினேன். அம்மா பதில் எழுதினார்: “குழந்தை வளர்ந்திருக்கிறான், சந்தோஷம். பின்னால் தெரிகிறது யார் வீட்டுச் சுவர்?” நாற்பத்திரண்டு மீட்டர் உயரமுள்ள இந்தியா கேட் என் படத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவர் ஆகிவிட்டது!

1991 குளிர்காலத்தில் நிஜாமுதீன் பக்கம் வேலையாக இருந்தபோது, பிலிமில் ஒன்று மிச்சமிருந்தது. தினமும் தண்டவாளத்தோடு நடந்து பிடிப்புகளைச் சரிபார்க்கும் கீமேன் ஒருவரிடம் காமிராவைக் கொடுத்தேன். வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். அவர் கையை ஆட்டி, “ஓரமாக வாருங்கள் சாப், நடுவில் நின்றால் லைன் மறைகிறது” என்று ஹிந்தியில் சொன்னார். விதியின் பெயரைக் கேட்டிராத மனிதர் அவர். அந்தப் படத்தில் நான் இடது ஓரத்தில் சின்னதாக நிற்கிறேன். தண்டவாளம் வலப்புறம் வளைந்து பனிமூட்டத்துக்குள் போகிறது.

அம்மா எழுதினார்: “இப்போதுதான் நீ என்ன வேலை செய்கிறாய் என்று தெரிந்தது. இந்த லைன்தான் நம்ம ஊருக்கு வருகிறதா?”

1997ல் அவர் காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் என் படங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது அந்த ஒன்றைத்தான். பெட்டியில் இருந்தவற்றில் நாங்கள் இருந்தோம், டில்லி இல்லை.

“முகம்தானே வேண்டும், இடம் எதற்கு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். முகம் மட்டும் போதுமென்றால் பாஸ்போர்ட் அளவுப் படம் போதுமே! பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இடம்தான் பாதிக் கதை. சரோஜினி நகரிலும் நேதாஜி நகரிலும் நௌரோஜி நகரிலும் நம்மவர்கள் எத்தனை பேர் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள்! 2016ல் மத்திய அமைச்சரவை ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் கொடுத்தது. அவற்றில் ஒன்றில் இருபது வருஷம் இருந்த சகோதரி ஒருவர், பேத்திக்குக் காட்டப் பழைய வீட்டுப் படம் தேடினார். ஆல்பம் மூன்று இருந்தது. வாசல் வேப்பமரம் ஒன்றில்கூட இல்லை. வீடும் இப்போது இல்லை.

விதி என்றால் தண்டவாள அகலம் போல அசையாத விதியும் அல்ல. கோபுரத்தை நேர் எதிரே நின்று எடுக்கும்போது நடுவில்தான் வைக்க வேண்டும். ஹுமாயூன் கல்லறை இரு பக்கமும் ஒன்றுபோலக் கட்டியது. அதற்கும் நடுதான் அழகு. சந்நிதியில் சுவாமியை நேருக்கு நேர் தரிசித்துப் பழகிய கண் நமக்கு; நடுவைத் தேடுவது தவறில்லை. ஆனால் மாமாவும் மாமியும் குதுப் மினாருக்கு நேர் முன்னே நின்றால், மினார் மாமாவின் தலையில் முளைத்த மாதிரிதான் இருக்கும். அவர்களை ஒரு பங்கில் நிறுத்தி, மற்ற இரண்டு பங்கை மினாருக்கும் வானத்துக்கும் விடுங்கள். அவர்கள் பார்க்கும் திசையில் கொஞ்சம் காலி இடம் இருக்கட்டும். பெரும்பாலான கைப்பேசிகளின் காமிராவில் ‘கிரிட்’ என்று ஒன்று உண்டு; அதை இயக்கினால் அந்த நான்கு கோடுகளும் திரையிலேயே தெரியும். எங்கள் காலத்தில் முப்பத்தாறு படம்தான் ஒரு ரோல். தவறினால் காசு போயிற்று. இப்போது அந்தக் கவலையும் இல்லை.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலருக்கு ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு படம் கேளுங்கள். வீட்டு வாசல், காய்கறி வாங்கும் தெரு, பஸ் நிறுத்தம், எதுவானாலும் சரி. ஆள் ஒரு பங்கு, இடம் இரண்டு பங்கு என்பது மட்டும் நிபந்தனை. பின்புறத்தில் இடமும் வருஷமும் எழுதியிருக்க வேண்டும்.

நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் எங்கே இருப்பார்களோ தெரியாது. தாத்தா பாட்டியின் முகம் எப்படியும் நினைவிருக்கும். அவர்கள் எங்கே நின்றார்கள் என்பதைத்தான் படம் சொல்ல வேண்டும். அதனால், கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள்.