வசதிக் குறைவும் ஒரு காவல்தான்

சென்ற மாதம், சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கில் குடியிருக்கும் அங்கிள் ஒருவர் கைப்பேசியும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், பேங்க் செயலி திறக்க மாட்டேங்குது. என் காசை நானே பார்க்க முடியல," என்றார். நாடகம் பார்க்க, நண்பர் அனுப்பிய இணைப்பிலிருந்து ஒரு செயலியை அவர் பதிவிறக்கியிருந்தார். அதை நீக்கியதும் வங்கிச் செயலி திறந்தது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. "அது கெட்ட செயலின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. உண்மையில், அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாததால்தான் தடுக்கிறார்கள். அது சரி என்பதே என் கருத்து.

2023ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 1,899 தீங்குநிரல் மோசடிகள் பதிவாயின. பறிபோன தொகை குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி. வீட்டைத் துப்புரவு செய்யவோ கடலுணவு வாங்கவோ ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்துத் தொடர்புகொண்டவர்கள் பலர் சிக்கினர். 'இந்தச் செயலியில் ஆர்டர் செய்யுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வரும். அங்கேதான் வலை.

அந்தச் செயலி, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'அக்சஸிபிலிட்டி' எனும் அனுமதியைக் கேட்கும். உடற்குறை உள்ளவர்களுக்காக உருவான நல்ல வசதி அது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். நமக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தும். இதே திறன்கள் திருடனுக்குக் கிடைத்தால், நீங்கள் தட்டும் மறைச்சொல்லை அவன் படிப்பான். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியையும் எடுத்துக்கொள்வான். பிறகு உங்கள் கைப்பேசியிலிருந்தே பணத்தை அனுப்புவான். வங்கியின் பார்வைக்கு, அதைச் செய்தது நீங்கள்தான். சில சம்பவங்களில், வேலை முடிந்ததும் கைப்பேசியில் உள்ள அனைத்தையும் அழித்துத் தடயத்தையும் மறைத்தார்கள்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இதைப் பிடிக்காதா? ஏற்கெனவே பிடிபட்ட தீங்குநிரல்களின் அடையாளங்களோடு ஒப்பிடுவது அதன் முக்கிய வழிகளில் ஒன்று. மோசடிக்காரர்கள் நிரலைச் சற்றே மாற்றி எழுதினால் அடையாளம் மாறிவிடும். சில செயலிகள் முதலில் ஒன்றும் அறியாததுபோல் உள்ளே வந்து, பிறகே தீய பகுதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். சோதிக்கும் நேரத்தில் அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

என் மாணவர்களிடம் சொல்வேன்: இலையோடு இலையாக நிறம் மாறியிருக்கும் பூச்சியைக் கண்ணால் தேடாதீர்கள், எந்த இலையில் கடித்த தடம் இருக்கிறது என்று பாருங்கள். செயலிக்கும் அதுவே பொருந்தும். தோற்றத்தை மாற்றலாம். ஆனால் மறைச்சொல்லைத் திருட, இத்தகைய செயலிகள் பெரும்பாலும் திரையையோ குறுஞ்செய்தியையோ படிக்கும் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கும். அதை ஒளிக்க முடியாது.

இதை வைத்துத்தான் இன்றைய தடுப்புகள் இயங்குகின்றன. 2023 முதல் இங்குள்ள வங்கிகள், வெளியிலிருந்து வந்த, ஆபத்தான அனுமதி பெற்ற செயலி இருந்தால் தங்கள் செயலியைத் திறக்க விடுவதில்லை. 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து, இத்தகைய அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளை நிறுவும்போதே தடுக்கும் முறையை உலகில் முதன்முதலாக இங்கு சோதித்தது.

இதனால் சில நல்ல செயலிகளும் தடைபடும். அந்தச் சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் இழந்தவர்களைப் பார்த்து 'கவனமாக இருந்திருக்கக் கூடாதா' என்று கேட்பதைவிட, எல்லாரும் கொஞ்சம் சிரமப்படுவது நியாயமானது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றிடம் எப்படிக் கவனமாக இருப்பது?

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்றிரவு வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியை வாங்கி, அமைப்புகளில் அக்சஸிபிலிட்டி பகுதியைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று அவர்களுடன் உட்கார்ந்து பாருங்கள். சந்தேகம் எழுந்தால் உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள்; வைஃபையும் அணைந்திருக்கட்டும். வேறொரு தொலைபேசியில் வங்கியை அழையுங்கள். ஆலோசனைக்கு 1799 எண் இருக்கிறது.

அங்கிளுக்கும் இதைத்தான் காட்டினேன். பட்டியலைப் பார்த்தவர், "நாடகம் பார்க்க இது எதுக்கு என் மெசேஜைப் படிக்கணும்?" என்றார். அந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கத் தொடங்கினால் போதும்.