கியருக்குப் பதிலாக எண்ணும் மோட்டார்

உங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் குழாயில் பிளம்பர் வெள்ளை டேப் சுற்றி முறுக்குகிறாரே, அந்த மரை இன்றைக்கும் அங்குலக் கணக்குதான். அரை அங்குலக் குழாய் என்றால் ஓர் அங்குல நீளத்துக்கு 14 மரை; பள்ளத்தின் கோணம் 55 டிகிரி. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் வகுத்த கோணம் அது. நம் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறச் சட்டம் போட்டது 1956-ல். போல்ட், நட்டெல்லாம் பெரும்பாலும் மில்லிமீட்டருக்கு வந்துவிட்டன. குழாய் மட்டும் வரவே இல்லை.

இந்த வாரம் அரியாங்குப்பத்து வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது பற்றித்தான். பணி ஓய்வுக்குப் பிறகு மாடிப்படிக்குக் கீழே சின்ன லேத் ஒன்று போட்டிருக்கிறாராம். கடையில் கிடைக்காத பழைய பித்தளை உதிரிகளைக் கடைந்து தரச் சொல்லி அக்கம்பக்கத்தார் வருகிறார்கள். ஒவ்வொரு மரைக்கும் கியர் மாற்றிக் கை சலித்துவிட்டது. எலெக்ட்ரானிக் லீட் ஸ்க்ரூ மாட்டினால் கியர்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்கிறார்.

போட வேண்டாம் ஐயா. காரணம் சொல்கிறேன். லேத்தைப் பார்த்திராதவர்களும் கூட வரலாம், கணக்கு எளிதுதான்.

லேத்தில் பொருள் சுழலும். வெட்டும் டூல் அதன் பக்கவாட்டில் நகரும். பொருள் ஒரு சுற்று சுற்றும்போது டூல் எவ்வளவு நகர்கிறதோ, அதுதான் மரையின் இடைவெளி. டூலை நகர்த்துவது லீட் ஸ்க்ரூ என்ற நீளமான திருகுத் தண்டு. இரண்டையும் பல்சக்கரங்களால் இணைத்து, சக்கரத்தை மாற்றினால் மரையும் மாறும்படி செய்யும் முறை 1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் உருப்பெற்றது. இருநூறு வருஷமாக உலகம் அதையே ஓட்டிக்கொண்டிருக்கிறது.

தொல்லை எங்கே என்றால், அங்குலமும் மில்லிமீட்டரும் சந்திக்கும் இடத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். இதைப் பின்னமாக எழுதினால் 127-ஐ ஐந்தால் வகுத்தது. 127 பகா எண். எந்தச் சின்ன எண்ணாலும் உடைக்க முடியாது. ஆகவே துல்லியமாக வேண்டுமென்றால் 127 பல் கொண்ட கியரே வேண்டும். சின்ன லேத்தின் பக்கவாட்டு மூடிக்குள் அவ்வளவு பெரிய சக்கரம் உட்காருவது கஷ்டம். கிட்டத்தட்டச் சரியாக வரும் வேறு கியர்களை வைத்துச் சமாளிப்பார்கள்.

மீட்டர் பிறந்தது பிரான்ஸில். அங்குலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இங்கிலாந்து. 1954 வரை அரியாங்குப்பம் பிரெஞ்சுக்காரர் கையில், தெற்கே கடலூர் 1947 வரை ஆங்கிலேயர் கையில். அந்த எல்லை போயே போய்விட்டது. ஆனால், மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூ உள்ள லேத்தில் அரை அங்குலக் குழாய் மரை வெட்ட நினைத்தால் அதே எல்லையைத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது!

எலெக்ட்ரானிக் ஏற்பாடு இந்தக் கியர் வரிசையையே எடுத்துவிடுகிறது. சுழலும் தண்டின் பக்கத்தில் என்கோடர் என்ற எண்ணும் கருவி. ஒரு சுற்றுக்கு 4,096 முறை கணக்குச் சொல்லும் ரகம் சாதாரணமாகப் பயன்படுகிறது. லீட் ஸ்க்ரூவின் முனையில் ஸ்டெப்பர் மோட்டார். அது படி படியாகத் திரும்பும். நடுவில் ஒரு சின்னக் கன்ட்ரோலர் போர்டு.

1.5 மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூ, சுற்றுக்கு 1,600 படி வைத்த மோட்டார், இரண்டும் நேராக இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அரை அங்குலக் குழாய் மரைக்குப் பொருள் ஒரு சுற்று சுற்றும்போது மோட்டார் 1,935 படியும் கொஞ்சமும் போக வேண்டும். அந்தக் 'கொஞ்சத்தை' விட்டுவிடக் கூடாது. நல்ல புரோகிராம் மிச்சத்தை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகும். 21 சுற்று முடிந்தால் சரியாக 40,640 படி. 127 பல் சக்கரம் இல்லாமலே கணக்கு நேராகிவிடுகிறது.

இதில் மரையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. சும்மா கடையும்போது டூலைச் சுற்றுக்கு 0.05 மில்லிமீட்டர் என்று மெதுவாக நகர்த்தலாம். பரப்பு வழவழப்பாக வரும், கியர் சத்தமும் கிடையாது. தினமும் கிடைக்கும் லாபம் இதுதான். வருஷத்துக்கு இரண்டு மரை மட்டும் வெட்டுகிறவர் என்றால் டேப், டை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் செலவு வேண்டாம்.

சரி, கியரை ஏன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்? மரை ஒரே ஓட்டத்தில் வெட்டப்படுவதில்லை. அதே பள்ளத்தில் பத்துப் பதினைந்து முறை டூல் போக வேண்டும். பாதியில் கரண்ட் போனால் கியர் லேத் அப்படியே நிற்கும். பல்லோடு பல் கோத்திருப்பதால் கரண்ட் வந்ததும் அதே பள்ளத்தில் தொடரலாம். மோட்டார் ஏற்பாட்டில் கரண்ட் போனதும் போர்டின் எண்ணிக்கை அழிந்துவிடும். சக் மட்டும் சுற்றிச் சுற்றி ஓயும். கரண்ட் வந்ததும் பட்டனைத் தட்டினால் பழைய மரையின் நடுவே புது மரை விழுந்து, பித்தளை வீண். டூலை நிதானமாகப் பழைய பள்ளத்தில் பொருத்திவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கரண்ட் இருக்கும்போதே எண்ணிக்கை தவறுவதும் உண்டு. ஸ்டெப்பர் மோட்டாருக்கு வேகம் கூடக் கூட இழுவை குறையும். அகல மரையை அதிக வேகத்தில் வெட்டினால் உறுமிவிட்டுச் சில படிகளை விழுங்கிவிடும். ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 200 சுற்றைத் தாண்ட வேண்டாம். படி தவறினால் தானே கண்டுபிடித்து எச்சரிக்கும் 'குளோஸ்டு லூப்' மோட்டார் வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். என்கோடரைப் பல் வைத்த பெல்ட்டால் ஒன்றுக்கு ஒன்று இணையுங்கள்; வழுக்கும் பெல்ட் ஆகாது. லேத்தின் வேகக் கன்ட்ரோலரிலிருந்து வரும் மின் இரைச்சல் பொய்க் கணக்குக் காட்டும். ஷீல்டு ஒயர் போட்டு, மோட்டார் ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். எர்த் கட்டாயம். உப்புக் காற்று வீசும் ஊர், கனெக்டர்களைப் பெட்டிக்குள் வையுங்கள்.

மரை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்காதீர்கள். டூலை வெளியே இழுத்துவிட்டு லேத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மோட்டாரும் கூடவே திரும்பி வரும். ஆரம்ப இடத்தைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் பின்னால் போய்த் தொடங்கினால் திருகின் தளர்வு சரியாகிவிடும். கையுறை, தொங்கும் வேட்டி நுனி, துப்பட்டா எதுவும் லேத் பக்கம் கூடாது.

மாட்டி முடித்ததும் பித்தளையைத் தொடாதீர்கள். ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைச் சக்கில் பிடித்து, டூல் இடத்தில் மார்க்கர் பேனாவைக் கட்டி, ஒரே கோட்டை மூன்று முறை வரையச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் 14 இடைவெளி எண்ணி வர வேண்டும். விலகினால் பெல்ட், ஒயர், வேகம் என்று அந்த வரிசையில் தேடுங்கள்.