மாடி உயர்கிறது, ஒழுங்கை தாங்குமா?

கொழும்பு மாநகரின் தென்புறத்தே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளை அறியாத தமிழ்க் குடும்பங்கள் மிகச் சிலவே. ஒரு வளவுக்குள் ஒரு வீடும் முற்றமும் தென்னையுமாக இருந்த இடங்களில் இன்று தொடர்மாடிகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு குடும்பம் வாழ்ந்த நிலத்தில் இருபது, முப்பது குடும்பங்கள் வாழ்கின்றன. ஒழுங்கையின் அகலமோ அன்றிருந்ததுதான்.

இவ்வளர்ச்சியைப் பழித்துரைப்பது எமது நோக்கமன்று. 1983ஆம் ஆண்டு ஆடியில் இதே வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிந்தன. பின்னர் போரினாலும், 1995ஆம் ஆண்டின் யாழ்ப்பாண இடப்பெயர்வினாலும் ஊர் இழந்தோர் பலர் மீண்டும் இங்கேயே கூரை தேடினர். புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய பணமும், ஊரில் விற்ற காணியின் விலையும் இச்சுவர்களுக்குள் அடங்கியுள்ளன. ஆகவே வீடு வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. திட்டமின்றி வீடு பெருகலாமா என்பதே கேள்வி.

திட்டம் இந்நகருக்குப் புதிதன்று. 1921ஆம் ஆண்டில் பற்றிக் கெடிஸ் என்னும் அறிஞர் கொழும்பைப் பூங்கா நகராக்க வழி வகுத்தார். 1948ஆம் ஆண்டில் அபர்குறொம்பி மற்றொரு திட்டம் தந்தார். 1978ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கெனத் தனிச்சட்டமே பிறந்தது. ஏட்டிலே திட்டத்துக்குப் பஞ்சமில்லை. அதனைக் காத்து நடத்தும் உறுதிக்கே பஞ்சம்.

நோயின் மூலம் யாது? அனுமதி வழங்கப்படுவது தனித்தனிக் காணிக்கு. சுமை விழுவதோ முழு ஒழுங்கைக்கும். ஒவ்வொரு மாடியும் தன்னளவில் விதிக்கு அமைந்திருக்கலாம். பத்து மாடிகள் சேர்ந்தால், குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அத்தனைக்கும் ஈடுகொடுக்குமா? கொழும்பின் கழிவுநீர்க் குழாய் அமைப்புக்கு அடித்தளம் இடப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அன்று எவரும் இத்தனை மாடிகளைக் கனவிலும் கண்டிலர். முற்றமெல்லாம் சீமெந்தாகிவிட்டால் மழைநீர் நிலத்துள் இறங்காது, வீதியிலேதான் நிற்கும். 2010ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் தலைநகரை மூழ்கடித்த வெள்ளங்கள் இப்பாடத்தைக் கற்பிக்கவில்லையா?

கிணற்றின் ஊற்றை அறியாது எந்தக் கமக்காரனும் வெங்காயத் தறையைப் பெருப்பிப்பதில்லை. ஏட்டுக் கல்வி இல்லாத உழவனுக்குள்ள இவ்வறிவு, நகரை ஆள்வோருக்கு இல்லாது போகலாமா?

எமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, ஒழுங்கையின் அகலம், நீர், வடிகால், தீயணைப்பு வண்டி நுழையும் வழி ஆகிய அனைத்தையும் ஒருங்கே கணக்கிட்டே புதிய மாடிக்கு அனுமதி அளித்தல் வேண்டும். இரண்டாவது, கட்டுவோரிடம் பெறும் கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வட்டாரத்தின் வடிகாலுக்கே செலவிடப்படல் வேண்டும். மூன்றாவது, வட்டாரத் திட்டம் முடிவாகுமுன் அங்கு வாழ்வோர் முன்னிலையில் தமிழிலும் விளக்கப்படல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியானது. இது சலுகையன்று, உரிமை.

வாங்குவோருக்கும் ஒரு சொல். பளிங்குத் தரையைக் கண்டு மயங்கி முற்பணம் கொடாதீர். அனுமதிபெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். கட்டடம் அவ்வரைபடத்தின்படி எழுந்ததென அத்தாட்சிப்படுத்தும் சான்றிதழைக் கேளுங்கள். 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி கிடைக்குமா என்று உங்கள் நொத்தாரிசிடம் கேளுங்கள். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் கட்டுவோர் திருந்துவர். கட்டுவோர் திருந்தினால் அனுமதிப்போரும் விழிப்பர்.

ஒருமுறை நெருப்பில் வீடிழந்த மக்கள், இம்முறை கவனக்குறைவால் இழத்தல் ஆகாது.