டூர் டி பிரான்ஸ் வேண்டாம், கிராவல் போதும்: சாலை சைக்கிள் வீரர்கள் மண் பாதைக்கு மாறுவது ஏன்?

2024 ஜூன் 1. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள எம்போரியா என்கிற சிறு நகரம். 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர் தூரத்தை, பெரும்பாலும் தாரே பார்க்காத கல் பாதையில் மிதித்து முடித்த இரண்டு பேர் கடைத்தெருவில் இருந்த ஃபினிஷிங் லைனை நோக்கிப் பாய்ந்தார்கள். ஆஸ்திரேலியாவின் லாக்லன் மார்ட்டன் முதலிடம், அமெரிக்காவின் சாட் ஹாகா இரண்டாமிடம். 9 மணி நேரம் 11 நிமிடத்தில் போட்டி முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது நேரத்தை அல்ல, அந்த இரண்டு பெயர்களை. 2019 ஜிரோ டி இத்தாலியாவின் கடைசி நாள் டைம் டிரையலை வென்றவர் ஹாகா. 2016-ல் டூர் ஆஃப் யூட்டாவை வென்றவர் மார்ட்டன். இருவருமே ஐரோப்பிய சாலைப் போட்டிகளில் சம்பளத்துக்கு ஓட்டியவர்கள். அங்கிருந்து விலகி வந்து, கிராவல் உலகின் மிகப் பெரிய போட்டியான 'அன்பவுண்ட் கிராவல்' பட்டத்துக்காக மோதிக்கொண்டார்கள். பத்து வருடம் முன்னால் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சரி, கிராவல் ரேஸ்னா என்ன?

நம்மூரில் கிராவல் என்றால் லாரியில் வந்து கொட்டும் மண்தான் நினைவுக்கு வரும். கிட்டத்தட்ட அதேதான். ஜல்லி, சரளை, செம்மண் போட்ட கிராமப்புறப் பாதைகளில் நடக்கும் நீண்ட தூர சைக்கிள் போட்டி இது. பார்வைக்கு ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும். வளைந்த ஹேண்டில்பாரும் அதேதான். ஆனால் டயர் அகலம் வேறு. சாலைப் போட்டியில் சுமார் 28 முதல் 30 மில்லிமீட்டர் டயர் என்றால், இங்கே 40 முதல் 50 மில்லிமீட்டர். காற்றழுத்தம் குறைவு, உள்ளே டியூப் கிடையாது. சின்ன ஓட்டை விழுந்தால் டயருக்குள் ஊற்றிய பால் போன்ற திரவமே அடைத்துவிடும்.

பெரிய ஓட்டை விழுந்தால்? அங்கேதான் இரண்டு உலகங்களும் பிரிகின்றன. சாலைப் போட்டியில் பஞ்சர் ஆனால் வீரர் கையைத் தூக்குவார். பின்னால் வரும் அணி கார் வந்து நிற்கும், மெக்கானிக் சக்கரத்தையே மாற்றிக் கொடுப்பார். தாகம் எடுத்தால் அணியின் உதவி வீரர் தண்ணீர் பாட்டிலைச் சுமந்து வருவார். அன்பவுண்டில் இதெல்லாம் கிடையாது. குறிப்பிட்ட சில நிறுத்தங்களில் மட்டும்தான் உதவி. மற்ற நேரத்தில் வீரரே குனிந்து உட்கார்ந்து, ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். எம்போரியாவைச் சுற்றியுள்ள ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில் கற்கள் கத்தி மாதிரி இருக்கும். நிலத்தில் அவ்வளவு கல் இருந்ததால்தான் அங்கே ஏர் ஓட்ட முடியாமல் பழைய புல்வெளி அப்படியே தப்பிப் பிழைத்திருக்கிறது. அந்தக் கல்தான் டயரையும் கிழிக்கிறது.

2023-ல் இன்னொரு கூத்து. முந்தைய மழையில் ஒரு பாதை களிமண்ணாகிவிட, போட்டி தொடங்கி கொஞ்ச நேரத்திலேயே எல்லோரும் சைக்கிளைத் தோளில் தூக்கி நடந்தார்கள். சக்கரத்தில் அப்பிய சேற்றைச் சுரண்ட சிலர் பெயின்ட் கலக்கும் குச்சிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். எத்தனை டூர் டி பிரான்ஸ் ஓட்டியிருந்தாலும் அந்தக் குச்சி இல்லை என்றால் கஷ்டம்தான்.

ஏழு விநாடியில் தொடங்கிய கதை

2006-ல் இந்தப் போட்டி முதன்முதலில் நடந்தபோது ஓட்ட வந்தவர்கள் 34 பேர். அப்போது பெயர் 'டர்ட்டி கான்ஸா'. 2020-ல்தான் அன்பவுண்ட் என்று மாறியது. தொடக்கத்தில் இது பொழுதுபோக்கு ஓட்டிகளின் சாகசம், தொழில்முறை வீரர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் வந்தவர்களில் ஒருவர் டெட் கிங். 2013 டூர் டி பிரான்ஸில் முதல் நாளே விழுந்து தோளில் அடிபட்டவர். வலியோடு நான்காம் நாள் அணி டைம் டிரையலை முடித்தபோது, கால வரம்பை 7 விநாடி தாண்டிவிட்டதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.  2015-ல் சாலைப் போட்டியிலிருந்து ஓய்வுபெற்றவர், 2016-லும் 2018-லும் டர்ட்டி கான்ஸாவை வென்றார். 2017-ல் பெண்கள் பிரிவை வென்ற அலிசன் டெட்ரிக்கும் சாலைப் போட்டியிலிருந்து வந்தவர்தான்.

உண்மையான திருப்பம் 2019. ஈ.எஃப் எஜுகேஷன் ஃபர்ஸ்ட் என்ற வேர்ல்ட் டூர் அணி, ஒப்பந்தத்தில் இருந்த தன் வீரர்களையே கான்சாஸுக்கு அனுப்பியது. ட்ரெக் அணியின் பீட்டர் ஸ்டெடினாவும் வந்தார். ஆனால் வென்றது இவர்களில் யாருமில்லை. டெக்சாஸைச் சேர்ந்த காலின் ஸ்ட்ரிக்லேண்ட் தனியே முன்னேறிப் போய், முதல்முறையாகப் பத்து மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தை முடித்தார். ஸ்டெடினாவுக்கு இரண்டாமிடம், ஈ.எஃப் வீரர் அலெக்ஸ் ஹவ்ஸுக்கு மூன்றாமிடம்.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். ஈ.எஃப் அணியில் சேர ஸ்ட்ரிக்லேண்டுக்கு அழைப்பு வந்தது, அவர் மறுத்துவிட்டார். தோற்ற ஸ்டெடினாவோ அந்த சீசன் முடிந்ததும் வேர்ல்ட் டூரை விட்டுவிட்டு கிராவலுக்கே வந்துவிட்டார். மேலே போகக் கூப்பிட்டவர் போகவில்லை, மேலே இருந்தவர் இறங்கி வந்தார். ஏன்?

கணக்கு இப்படி

வேர்ல்ட் டூர் அணியில் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 40 ஆயிரம் யூரோவைச் சற்றுத் தாண்டும். நட்சத்திரங்கள் மில்லியன்களில் வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நடுத்தர வீரர் அடுத்தவருக்குக் காற்றுத் தடுத்து, தண்ணீர் சுமந்து, ஓரிரு வருட ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையிலேயே காலம் தள்ளுகிறார். எந்தப் போட்டியில் ஓட்டுவது என்பதை அணிதான் முடிவு செய்யும். சட்டையில் யார் பெயர் என்பதையும் அணிதான் முடிவு செய்யும்.

கிராவலில் வீரரே தனக்கு முதலாளி. சைக்கிள், டயர், ஹெல்மெட், உடை, சத்துணவு என்று ஒவ்வொரு கம்பெனியுடனும் தனித்தனியாகப் பேசி முடிக்கலாம். சைக்கிள் கம்பெனிகளுக்கும் இது லாபம். கிராவல் சைக்கிள் வாங்கப்போகிறவர் அதே போட்டியில், அதே பாதையில், அந்த வீரருக்குப் பின்னால் மிதித்துக்கொண்டிருக்கிறார். டூர் டி பிரான்ஸில் ரசிகருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே வருமானம் வெற்றியால் மட்டும் வருவதில்லை. அன்பவுண்டில் பல ஆண்டுகள் பரிசுத் தொகையே இல்லை. 2022-ல் லைஃப் டைம் நிறுவனம் கிராவலையும் மலைப்பாதைப் போட்டிகளையும் சேர்த்து ஒரு தொடர் ஆரம்பித்தபோதுதான் 2,50,000 டாலர் என்று பெரிய தொகை வந்தது. எனவே வீடியோ போட வேண்டும், பயணக் கதை சொல்ல வேண்டும், ஸ்பான்சருக்கு மெயில் அனுப்ப வேண்டும், டிக்கெட் போட வேண்டும், சைக்கிளைப் பெட்டியில் அடுக்க வேண்டும். கால் உடைந்து ஆறு மாதம் படுத்தால் அணியின் டாக்டர் வந்து பார்க்க மாட்டார். சுதந்திரம்னு சொல்றது பாதி, ஒருத்தரே ஒரு கம்பெனியை நடத்துற தலைவலி மீதி.

அமெரிக்க வீரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே சாலைப் போட்டிகளே காணாமல் போய்க்கொண்டிருந்தன. டூர் ஆஃப் கலிஃபோர்னியா 2019-க்குப் பிறகு நடக்கவில்லை. சாலையில் பிழைக்க வேண்டும் என்றால் குடும்பத்தை விட்டு ஐரோப்பாவில் குடியிருக்க வேண்டும்.

பெண்களுக்குக் கணக்கு இன்னும் கூர்மையானது. முன்னணிப் பெண்கள் அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்றே 2020-ல்தான் வந்தது; அதுவும் 15,000 யூரோ. லைஃப் டைம் தொடரில் ஆண், பெண் இருவருக்கும் முதல் நாளிலிருந்தே ஒரே பரிசு.

உடம்பு சொல்லும் காரணம்

இயன் பாஸ்வெல் 2018 டூர் டி பிரான்ஸை ஓட்டி முடித்தவர். 2019 மார்ச்சில் இத்தாலியின் டிர்ரேனோ-அட்ரியாட்டிகோ போட்டியில் விழுந்து தலையில் அடிபட்டார். அந்த வருடம் முழுக்கப் போட்டிக்குத் திரும்பவில்லை, வருடக் கடைசியில் ஓய்வை அறிவித்தார். 2021-ல் அன்பவுண்டை வென்றார். கடைசி ஓட்டத்தில் அவர் முந்தியது, அவரைப் போலவே 2019-ல் சாலையை விட்ட நெதர்லாந்தின் லாரன்ஸ் டென் டாமை. அப்போது பாஸ்வெல் சைக்கிள் உபகரண நிறுவனமொன்றில் வேலையிலும் இருந்தார்.

நெருக்கியடித்துக்கொண்டு 150 பேர் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கூட்டத்தில் ஒருவர் தடுமாறினால் இருபது பேர் விழுவார்கள். கிராவலில் வேகம் குறைவு, கூட்டமும் சீக்கிரம் சிதறிவிடும். அதற்காகப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. பல போட்டிகளில் பாதை முழுதாக மூடப்படுவதில்லை, எதிரே வண்டி வரலாம்.

சாலை பலம் எங்கே எடுபடும்?

சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யுசிஐ, 2022-ல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது. ஆண்கள் பட்டம் வென்றவர்கள்: ஜியானி வெர்மீர்ஷ், மத்தேய் மோஹோரிச், மாத்தியூ வான்டெர் போல், 2025-ல் ஃப்ளோரியன் வெர்மீர்ஷ். நால்வருமே சாலை அணிகளில் ஒப்பந்தம் உள்ளவர்கள். கிராவலையே தொழிலாகக் கொண்டவர் ஒருவர்கூட இல்லை.

அன்பவுண்டின் பட்டியல் அப்படியில்லை. 2023-ல் அங்கே வென்ற கீகன் ஸ்வென்சன் மலைப்பாதைச் சைக்கிளிலிருந்து வந்தவர். வித்தியாசத்துக்குக் காரணம் பாதைதான். 2025 வரை உலகப் போட்டி ஐரோப்பாவில், 200 கிலோமீட்டருக்கும் குறைவாக, வழவழப்பான பாதையும் தாரும் கலந்து நடந்தது. அங்கே கூட்டத்தில் ஒளிந்து காற்றைத் தவிர்க்கலாம், கடைசியில் பலத்தைக் காட்டலாம். கான்சாஸில் ஒன்பது, பத்து மணி நேரம். எந்தத் தடத்தில் கல் குறைவு என்று பார்க்கத் தெரிய வேண்டும், சாப்பாட்டைக் கணக்காக வைத்திருக்க வேண்டும், பஞ்சர் போடத் தெரிய வேண்டும். சாலையிலிருந்து வருபவர்களின் கால் தயாராக இருக்கும். மற்றதைத்தான் புதிதாகக் கற்க வேண்டும்.

பழைய ஆட்களின் புகார்

தொழில்முறை வீரர்கள் வரவர கிராவலின் சுவாரஸ்யம் கெடுகிறது என்று பழைய ஓட்டிகள் முணுமுணுக்கிறார்கள். யாராவது விழுந்தால் நின்று தூக்கிவிடும் பழக்கம் முன்வரிசையில் மறைந்துவிட்டது. ஒரே ஸ்பான்சரின் வீரர்கள் சேர்ந்து வியூகம் வகுப்பதும் வந்துவிட்டது. எழுதாத மரியாதையெல்லாம் எழுதிய விதியாகிறது. காற்றைக் கிழிக்க முழங்கையை ஊன்றி ஓட்டும் ஏரோ பார்களுக்கு அன்பவுண்டின் எலைட் பிரிவில் 2023 முதல் தடை. ஆண்களின் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போய்ப் பெண்கள் போட்டி தீர்மானமாகிறது என்ற புகார் நெடுநாள் இருந்ததால், இப்போது பெண்களுக்குத் தனித் தொடக்கம்.

இந்தப் புகாரில் நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை. தனித் தொடக்கம் வந்த பிறகுதான் 2024-ல் ஒன்பது பெண்கள் ஒன்றாக ஃபினிஷிங் லைனுக்கு வந்து சேர்ந்து, கடைசி மீட்டர்களில் முடிவு தெரிந்தது. அப்படி ஒரு பந்தயம் அதற்கு முன் அங்கே சாத்தியமே இல்லை.

பாதை ஒருவழி என்றும் நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸின் ரோமைன் பார்டே, 2016 டூர் டி பிரான்ஸில் இரண்டாமிடம் பிடித்தவர், 2025 ஜூனில் சாலைக்கு விடை கொடுத்து கிராவலுக்கு வந்தார். அந்த ஒன்பது பேரில் முதலாவதாக வந்த ஜெர்மனியின் ரோசா க்ளோசர் அப்போது முனைவர் பட்ட மாணவி. அவரோ கான்சாஸ் வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டே கேன்யன் ஸ்ராம் சாலை அணியில் ஒப்பந்தம் போட்டு ஐரோப்பியத் தார் சாலைக்குப் போனார்.