பண்டிகைப் புகையும் கூண்டுக் குருவியும்

தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, போகி, பொங்கல் என்று மூன்று மாதம் நம் வீடுகளில் ஒரே கலகலப்புதான். எங்கள் கணியம்பாடிப் பக்கம், தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்கள் போனஸ் கைக்கு வந்ததும் துணிமணியோடு, குழந்தைகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸும் வாங்கி வந்துவிடுவதுண்டு.

"அக்கா, வெடிச் சத்தத்துக்குக் குருவி பயந்துக்குமே, என்ன பண்றது?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் சத்தத்தைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது, சகோதரிகளே. அதுதான் புகை!

இந்த லவ் பேர்ட்ஸ் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பறவை. எடை 30, 40 கிராம்தான். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. உள்ளே போகும் காற்றிலிருந்து பிராணவாயுவை நம்மைவிட நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். விஷத்தையும் அப்படியேதான்! பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிக் குருவியைக் கூண்டோடு கொண்டுபோனது இதனால்தான். விஷ வாயு வந்தால் குருவி முதலில் மயங்கும்; ஆட்கள் தப்பிவிடுவார்கள். 1986-இல்தான் குருவிக்குப் பதில் கருவி வந்தது.

ஆகவே, கூண்டு சமையலறைப் பக்கமே வேண்டாம். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் காயவிட்டு, வாசலில் யாரோடாவது பேச நின்றுவிடுகிறோம். அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் கிளம்பும் ஆவி, குருவியைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. பண்டிகைப் பலகாரத்துக்கு நம் இரும்பு வாணலியே உத்தமம்.

சாம்பிராணி, கொசுவர்த்தி, பூச்சி மருந்து எதுவும் கூண்டு இருக்கும் அறையில் கூடாது. பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தால், வாடை அடங்கும்வரை குருவி வேறு வீட்டில் இருக்கட்டும். போகியன்று விடியுமுன்பே ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள்.

இனி, வெடிச் சத்தத்துக்கு வருவோம். 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 மணி என்று பட்டாசுக்கு நேரம் குறித்தார்கள். எல்லோரும் கடியாரம் பார்த்தா வெடிக்கிறார்கள்? முந்தின நாளே கூண்டை, தெருவுக்குத் தள்ளியிருக்கும் உள்ளறையில் சுவர் ஓரமாக வைத்துவிடுங்கள். மூன்று பக்கம் பருத்தித் துணியால் மூடி, ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். இரவில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். கும்மிருட்டில் திடுக்கிட்டால் கம்பியில் மோதிச் சிறகை ஒடித்துக்கொள்ளும். ரேடியோ மெல்லப் பாடினால் வெளிச் சத்தம் உறைக்காது.

விருந்தாளிகள் வந்தால் அவர்கள் குழந்தைகளிடம் ஒரு கண் வேண்டும். "கண்ணு, கூண்டைத் திறக்காதே" என்று சொன்னால் மட்டும் போதாது; கூண்டுக் கதவை ஒரு கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுங்கள். ஓடும் மின்விசிறியில் பறந்து அடிபட்டால் பிழைப்பது கஷ்டம். சாக்லேட், உப்புப் பலகாரம், பட்டர் ஃப்ரூட் எதுவும் கொடுக்கக் கூடாது. பட்டர் ஃப்ரூட் நமக்குச் சத்து, பறவைக்கு விஷம். லீவுக்கு ஊருக்குப் போனால், தானியத்தை அள்ளிக் கொட்டிவிட்டுப் போகாமல், அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறதா? வாயைத் திறந்து, வால் ஆட மூச்சு வாங்குகிறதா? உடனே நல்ல காற்றுள்ள இடத்துக்கு எடுத்துப் போங்கள். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. பச்சைக்கிளி கேட்டு உங்கள் பிள்ளை அடம்பிடித்தால் வாங்கித் தராதீர்கள். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். வேட்டங்குடி சரணாலயத்துக் கண்மாய்களுக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று, பல ஆண்டுகளாக அங்கே தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. எங்கிருந்தோ வரும் பறவைக்காக ஓர் ஊரே சும்மா இருக்கிறது. நாமே வாங்கி வந்து அடைத்து வைத்த குருவிக்கு, புகையில்லாத ஓர் அறை ஒதுக்கித் தரக் கூடாதா?