தண்டனை முடித்தவரும் துவக்கும்

அம்பாறை மாவட்டத்தின் பொத்துவில் பகுதியில் துவக்குப் பேச்சு யானையில்தான் தொடங்கும். ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை அறுகம்பேயும் உல்லையும் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவரால் நிறைந்திருக்கும். அவர்கள் புறப்பட மாரி பிடிக்கும், பெரும்போகம் விதைப்பார்கள். வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்ததும் லகுகலைப் பக்கக் காட்டில் இருந்து யானை இறங்கும். வட்டையில் பரண் கட்டிக் காவல் இருப்பவர்களிடம் யானைவெடி, டோர்ச், தொண்டை, இவ்வளவுதான் இருக்கும். சிலரிடம் மட்டும் கச்சேரி அனுமதிப்பத்திரத்தோடு ஒரு சொட்கன். அந்தச் சிலரில் ஒருவர் ஏதோ ஒரு வழக்கில் சிறை சென்று, தண்டனையை முழுதாக முடித்து ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காணி அவருடையதுதான். யானையும் அதே யானைதான். அந்தப் பத்திரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கலாமா?

சிலருக்குக் கிடைக்கலாம், சில வருடங்கள் கழித்து. சிலருக்கு ஒருபோதும் கூடாது. யார் எந்த வகை, எத்தனை வருடம் என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

இலங்கையின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம். பிரித்தானியர் ஆட்சியில் வந்தது, 1996 இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இந்தச் சட்டத்தின் கண்ணில் துவக்கு யாருடைய உரிமையும் அல்ல. அரசு தரும் அனுமதி. அந்த அனுமதியையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். இந்த அடிப்படை சரியானது என்றே நினைக்கிறேன். ஆயுதத்தைப் பிறப்புரிமையாக்கிய அமெரிக்காவின் வழி நமக்கு வேண்டாம். ஆனால் அனுமதி என்று வந்துவிட்டால் அதிகாரியின் தற்றுணிபும் கூடவே வந்துவிடுகிறது. பொலிஸ் அறிக்கை சரியில்லை என்றால் விடயம் அங்கேயே நின்றுவிடும். இருபது வருடத்துக்கு முந்திய ஒரு தண்டனைக்கு இன்று என்ன பெறுமதி என்று யாரும் விண்ணப்பித்தவருக்கு விளக்குவதில்லை. ஆளைத் தெரிந்தவருக்கு ஒரு பதில், தெரியாதவருக்கு ஒரு பதில் என்ற சந்தேகம் ஊரில் வளர்வது இந்த இடத்தில்தான்.

இதே நாட்டின் அரசியலமைப்பு வாக்குரிமை விடயத்தில் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது என்று பாருங்கள். இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்காக, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனையை அனுபவித்து முடித்தவர் அடுத்த ஏழு வருடத்துக்கு வாக்காளராக இருக்க முடியாது என்கிறது 89 ஆவது உறுப்புரை. ஏழு வருடம் முடிந்தால் தகுதியீனமும் முடிந்தது. யாருடைய வீட்டு வாசலிலும் நிற்கத் தேவையில்லை. இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இப்படித்தான். வன்முறையோ ஒழுக்கக்கேடோ சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து ஐந்து வருடத்துக்கு ஆயுதம் வைத்திருக்க முடியாது. பிரித்தானியாவில் 1968 ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு ஆயுட்காலத் தடை. மூன்று மாதத்தில் இருந்து மூன்று வருடத்துக்குள் என்றால் விடுதலையான நாளில் இருந்து ஐந்து வருடத் தடை. நமக்குக் கட்டளைச் சட்டத்தைத் தந்த நாடு எப்போதோ கணக்கை எழுதி முடித்துவிட்டது.

அமெரிக்கா மறுபக்கத்துக்குப் போய் மாட்டிக்கொண்டது. ஒரு வருடத்துக்கு மேல் சிறை விதிக்கத்தக்க அநேகமாக எந்தக் குற்றமானாலும் தண்டிக்கப்பட்டவருக்கு ஆயுள் முழுதும் துப்பாக்கித் தடை என்பது அங்குள்ள மத்திய சட்டம். கள்ளக் கணக்கெழுதியவருக்கும் ஆளைச் சுட்டவருக்கும் ஒரே தடை. விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது. 1992 இல் காங்கிரஸ் அந்த வேலைக்கான பணத்தை நிறுத்த, வாசல் மூடிக்கொண்டது. 2025 இல் நீதித் திணைக்களம் அதை மறுபடி திறந்தபோது முதலில் உள்ளே போனவர்களில் ஒருவர் நடிகர் மெல் கிப்சன். வீட்டு வன்முறை வழக்கில் 2011 இல் தண்டனை பெற்றவர் அவர். விதி மங்கலாக இருக்கும் இடத்தில் புகழும் செல்வாக்கும்தான் முதலில் நுழையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

நமக்கும் சொந்தமாகவே உதாரணம் உண்டு. 2011 ஒக்டோபரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர கொல்லப்பட்ட வழக்கில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2016 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2021 ஜூனில் அப்போதைய ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். சில வாரங்களிலேயே அவர் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் தலைவரானார். அந்த மன்னிப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2024 ஜனவரி வரை ஆனது. துப்பாக்கிக் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கு அரச நிறுவனமொன்றின் தலைமைக் கதிரை கிடைத்த நாட்டில், எப்போதோ மரம் கடத்திய வழக்கில் அகப்பட்ட செங்காமத்து விவசாயி தன் பழைய தண்டனையைக் கடைசி வரை சுமக்க வேண்டும் என்பதில் என்ன நீதி?

இந்தக் கரையில் ஆயுதத்தின் ஞாபகம் இலேசானதல்ல. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டதைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. யுத்த காலத்தில் அரசே ஊர்களுக்குத் துவக்கைக் கொடுத்து ஊர்காவல் படை அமைத்தது. யுத்தம் முடிந்து பத்து வருடத்தில், 2019 ஏப்ரல் 26 இரவு, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்தன. ஆகவே, ‘தண்டனை முடிந்துவிட்டது, துவக்கைக் கொடுங்கள்’ என்று எவரும் சொன்னால் என் ஊர்ப் பெண்கள் கேட்கப்போகும் முதல் கேள்வியை நான் அறிவேன். அந்தக் கேள்வி நியாயமானது.

அதனால்தான் குற்றத்தின் தன்மையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்கிறேன். ஆளைக் கொன்றவர், கொல்ல முயன்றவர், ஆயுதத்தைக் காட்டிக் கொள்ளையடித்தவர், பெண்ணையோ பிள்ளையையோ வதைத்தவர், இவர்களுக்கு மீண்டும் துவக்கு வேண்டாம். தண்டனையை முடித்தவர் மனிதராக மதிக்கப்பட வேண்டும், தொழில் செய்ய வேண்டும், பள்ளிவாசல் தொழுகையில் எல்லோருடனும் ஒரே ஸஃப்பில் நிற்க வேண்டும். துவக்கு அந்த மதிப்பின் பகுதியல்ல. வீட்டு வன்முறையில் தண்டனை வரை போகாதவற்றையும் கவனிக்க வேண்டும். 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒருவருக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை இருந்திருந்தால், அவருடைய விண்ணப்பத்தில் அது முதலாவதாகப் பார்க்கப்பட வேண்டும். கனடாவில் துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பிப்பவரின் துணைக்கு அது தெரியவராமல் காரியம் நடக்காது. துவக்கோடு ஒரே கூரையின் கீழ் உறங்கப் போகிறவரைக் கேட்காமல், ஊரில் அவர் எப்படி என்று மட்டும் கேட்பதில் என்ன பயன்?

மற்றக் குற்றங்களுக்கு வாக்குரிமையின் ஏழு வருடக் கணக்கே போதும். காசோலை மோசடி, கசிப்பு, மரக் கடத்தல் என்று தண்டனை பெற்றவர் அந்தக் காலத்தை இன்னொரு வழக்கில்லாமல் கழித்தால் விண்ணப்பிக்க உரிமை பெறட்டும். நிராகரித்தால் காரணத்தை அவர் படிக்கக்கூடிய மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். நமது பகுதியில் அது தமிழ். மேன்முறையீட்டுக்கும் வழி வேண்டும்.

ஒரு விதிவிலக்கு சொல்வேன், பலருக்குப் பிடிக்காது. வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் வேட்டைக்காகத் தண்டிக்கப்பட்டவருக்கு ஏழு வருடம் போதாது. லகுகலைக்கும் குமணவுக்கும் அருகில் மானையும் மரையையும் சுட்டு இறைச்சி விற்றவர் கையில் பயிர்க் காவலுக்கென்று துவக்கைக் கொடுப்பது அதே தொழிலைத் தொடங்கச் சொல்வதாகும். மனிதருக்கு அவரால் ஆபத்தில்லை என்பது அந்தக் காட்டுக்கு ஆறுதலாகாது.

சிறை கண்ட எல்லோரும் தண்டிக்கப்பட்டவர்களும் அல்லர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கணக்கான முஸ்லிம் இளைஞர் பிடிக்கப்பட்டார்கள். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்தில் கைதாகி ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இப்படி விடுதலையானவர்களின் பெயர்கள் பொலிஸ் கோப்புகளில் எத்தனை காலம் இருக்கும்? தீர்ப்பு இல்லாத ஒரு கைது, அனுமதிக்கான அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வரக்கூடாது. இதையும் சட்டத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், தண்டனை பெற்றவருக்கு ஏழு வருடமும் குற்றமற்றவருக்கு ஆயுளும் என்று முடியும்.

துவக்கு யானைப் பிரச்சினையைத் தீர்க்கும் என்று நான் நினைக்கவில்லை. 2023 இல் மட்டும் இந்நாட்டில் 450 க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன, 150 க்கும் மேற்பட்ட மனிதர் யானையால் இறந்தனர். சன்னம் பட்டுச் சாகாத யானை காயத்தோடு திரும்பி வந்து அடுத்த வட்டைக்காரரை மிதிக்கும். துவக்கு மறுக்கப்பட வேண்டியவர் என்று மேலே நான் சொன்னவருக்கும் வயல் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருக்கு ‘இல்லை’ என்று சொல்லும் அரசு, அவருடைய வட்டையைச் சுற்றி வேலை செய்யும் மின்வேலியைப் போட்டு, அதைப் பராமரிக்க ஆளையும் வைக்க வேண்டும். பயிர் அழிந்தால் நட்டஈடு அதே போகத்துக்குள் கைக்கு வர வேண்டும். ஆயுதத்தைத் தடுக்கும் அதிகாரத்தோடு இந்தக் கடமையும் சேர்ந்தே வருகிறது.

2024 இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென்று வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னது. யாரிடம் ஏன் கொடுத்தோம் என்று அரசு தன்னையே கேட்டுக்கொண்டது நல்ல தொடக்கம். மீளாய்வு அத்தோடு நிற்கக்கூடாது. நூறு வருடம் கடந்த கட்டளைச் சட்டத்தில் தகுதியீனக் காலத்தைக் குற்ற வகைப்படி எழுதிச் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவருமாறு அம்பாறை மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சமூகத்து விவசாயியும் ஒரே யானைக்கு அஞ்சி விழித்திருக்கும் மாவட்டம் இது. இந்தத் திருத்தத்துக்காக இங்குள்ள உறுப்பினர்கள் கட்சி பாராமல் சேர்ந்து கையெழுத்திடலாம். அடுத்த பெரும்போகத்துக்கு முன் அதைச் செய்யுங்கள்.