மனமே நலமா? – நன்றியும் ஒரு மருந்து

வில்லியனூர், பாகூர் பக்கத்துச் சகோதரிகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் கறந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி நிமிர்ந்தால் மணி ஒன்பது. செய்த இருபது வேலை யார் கண்ணிலும் படாது. “குழம்பில் உப்பு கம்மி” என்ற ஒரு சொல் மட்டும் சாயங்காலம் வரை மனசைக் குடையும். இது உங்கள் குற்றமல்ல. நல்லதைவிடக் கெட்டதை இறுக்கிப் பிடிப்பது மனித மனத்தின் சுபாவம்.

அந்தப் பிடியைத் தளர்த்த வழி உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் 10 வாரங்கள், வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய விஷயங்களை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சல்களை எழுதினார்கள். நன்றியை எழுதியவர்களுக்கே வாழ்க்கையில் திருப்தி கூடுதலாகவும், உடல் உபாதைகள் குறைவாகவும் இருந்தனவாம்.

நாமும் செய்யலாமே! பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். இரவில் மூன்று வரி. “எல்லாம் நல்லபடி” என்று பொதுவாக எழுதாதீர்கள். “பக்கத்து வீட்டு அக்கா குழந்தையை வைத்துக்கொண்டார்; நிம்மதியாகத் தலைக்குக் குளித்தேன்” என்று எழுதுங்கள். மறுநாள் அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

புதுச்சேரி அரசு முத்திரையைப் பாருங்கள். அதிலிருப்பது ஆயி மண்டபம். குளம் வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொடுத்ததாகக் கதை சொல்லும் ஆயி என்ற பெண்ணின் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. ஊரே ஒரு பெண்ணை நன்றியோடு நினைக்கிறது. வீட்டில் “நல்லா செஞ்சே” என்று சொல்ல வெட்கம் எதற்கு?

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். நன்றி வேறு, கொடுமையைப் பொறுத்துக்கொள்வது வேறு. கை நீட்டுகிற புருஷனை “சோறு போடுகிறாரே” என்று சகிக்க வேண்டாம்; 181-க்குக் கூப்பிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அழுகை, தூக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டுதலில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நோட்டுப் புத்தகம் போதாது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். உயிர் போகிற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு, இன்று ராத்திரி மூன்று வரி. அதில் ஒன்று உங்களுக்கு நீங்களே சொல்லும் நன்றியாக இருக்கட்டும்.